காலியாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு

கரீபியன் தீவுக்கு விடுமுறை போக நினைப்பவர் கேட்பது அப்படியொன்றும் அதிகமில்லை. மணல் வெள்ளையாக இருக்க வேண்டும். கடல் நீலமாக இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து கூடாது. தன்னைத் தவிர வேறு மனிதர்களும் கூடாது. முதல் இரண்டுக்கும் அங்கே பஞ்சமில்லை. மணல் திட்டு, மொட்டைப் பாறை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் ஏழாயிரத்தைத் தாண்டும் என்று சொல்லப்படும் தீவுக்கூட்டம் அது. தகராறெல்லாம் கடைசி இரண்டுக்கும் இடையில்தான். பாதுகாப்பான இடம் என்று பேர் வாங்கிவிட்டால் கூட்டம் வந்துவிடுகிறது. கூட்டம் வராத இடமாகப் பார்த்து, ஏன் வரவில்லை என்று விசாரித்தால் பாதுகாப்பில் எங்கோ இடிக்கிறது. நல்ல வேலை, சொந்த வீடு, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, வயது மட்டும் நாற்பது என்று ஒரு வரன் வந்தால், ஜாதகத்தைப் பிரிக்கும் முன்பே நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள்: இத்தனை நாள் ஏன் ஆகவில்லை? காலியான கடற்கரையிடமும் இதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. பதிலைக் கேட்டதும் எழுந்து ஓடிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. எந்தக் காரணத்தோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்தலாம், எதோடு முடியாது என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

அதற்கு முன், கூட்டம் என்பது எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். கரீபியனில் அது கப்பலில் வருகிறது. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐக்கான் ஆஃப் த சீஸ்’ என்ற உல்லாசக் கப்பல் அதிகபட்சம் 7,600 பயணிகளை ஏற்றும். ஊழியர்கள் 2,350 பேர் தனி. மான்செராட் தீவின் மொத்த மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். சேபா தீவில் சுமார் இரண்டாயிரம் பேர். இரண்டு தீவுகளையும் குழந்தை குட்டி, போலீஸ், எதிர்க்கட்சி சகிதம் ஏற்றினாலும் அந்தக் கப்பலில் இடம் மிச்சமிருக்கும். இந்த மாதிரிக் கப்பல்கள் காலையில் வந்து நிற்கும். ஒரு சிற்றூர் அளவு ஜனம் இறங்கி, ஒரே கடற்கரையில் படுத்து, ஒரே மாதிரித் தொப்பி வாங்கிக்கொண்டு, சாயங்காலம் ஏறிப் போய்விடும். மறுநாள் அதே கடற்கரையில் நாலு பெலிக்கன் பறவைகள்தான் இருக்கும். எந்தத் துறைமுகத்துக்கு எந்தத் தேதியில் எத்தனை கப்பல் வருகிறது என்பது மாதக்கணக்கில் முன்கூட்டியே வெளியாகிவிடுகிறது. கல்யாண முகூர்த்த நாளில் மண்டபத்துப் பக்கம் போகாமல் இருக்கத் தெரிந்தவருக்கு இந்த அட்டவணையைப் படிப்பது பெரிய காரியமில்லை. ஆனால் கப்பலே வராத தீவு, ஹோட்டலே எழாத கடற்கரை என்று தேடப் போகும்போதுதான் அந்தக் கேள்வி அவசியமாகிறது.

மான்செராட்டையே கேட்போம். அது ஒளிவுமறைவு இல்லாத தீவு. எரிமலை என்று நேராகப் பதில் சொல்லிவிடும். 1995 ஜூலையில் சூஃப்ரியேர் ஹில்ஸ் எரிமலை விழித்துக்கொண்டது. தலைநகர் பிளிமத் சாம்பலிலும் சேற்றிலும் புதைந்தது. 1997 ஜூன் 25-ஆம் தேதி 19 பேர் உயிரிழந்தார்கள். விமான நிலையம் அழிந்தது. பதினோராயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த தீவிலிருந்து மூன்றில் இரண்டு பங்கினர் வெளியேறிவிட்டார்கள். தெற்குப் பக்கம் பெரும்பகுதி இன்றும் தடை செய்யப்பட்ட பிரதேசம். சட்டப்படி பிளிமத்தான் இன்னமும் தலைநகர். குடியிருப்பவர்தான் ஒருவரும் இல்லை. கூட்டமில்லாத தலைநகர் வேண்டுமென்றால் உலகத்தில் இதற்கு மேல் கிடைக்காது. இவ்வளவையும் கேட்டபின் மான்செராட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடத்தான் கை போகும். அடிக்க வேண்டாம் என்பேன். ஏனென்றால் அந்த ஆபத்துக்கு முகவரி இருக்கிறது. எங்கே போகலாம், எங்கே கூடாது என்று வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். அந்த மலையை இரவும் பகலும் கண்காணிக்க ஓர் ஆய்வகமே இருக்கிறது. நம்மில் எத்தனை பேருடைய ரத்த அழுத்தத்துக்கு இந்தக் கவனிப்பு கிடைக்கிறது? மான்செராட் தோற்பது வேறொரு பாடத்தில். எரிமலைத் தீவு என்பதால் மணல் கறுப்பு. வெளிர் நிறக் கடற்கரை என்று சொல்ல ரான்டேவூ என்று ஒன்றுதான் உண்டு. அதற்கும் படகில் போக வேண்டும், அல்லது குன்றேறி இறங்க வேண்டும்.

அடுத்த காரணம் குண்டு. போர்ட்டோ ரீக்கோவைச் சேர்ந்த வியேகெஸ், குலேப்ரா என்ற இரண்டு தீவுகளின் கடற்கரைகள் அழகுக்குப் பேர் போனவை. அங்கே அடுக்குமாடி ஹோட்டல்கள் வரிசைகட்டி நிற்காததற்கு யாருடைய இயற்கைப் பற்றும் காரணமில்லை. அமெரிக்கக் கடற்படை பல பத்தாண்டுகள் அவற்றைக் குறிபார்த்துச் சுடும் களமாக வைத்திருந்தது. குலேப்ராவை 1975-ல் விட்டது. வியேகெஸில் 1999-ல் குறி தவறி விழுந்த குண்டுகளால் உள்ளூர்க் காவலாளி ஒருவர் இறந்து, தீவு மக்கள் விடாமல் போராடியபின் 2003-ல் மூட்டை கட்டியது. கடற்படை வைத்திருந்த நிலம் பெரும்பாலும் வனவிலங்குச் சரணாலயமாகிவிட்டது. ஆமைக்கும் பறவைக்கும் நிலத்தை மீட்டுக் கொடுத்த பெருமை குண்டுகளுக்குப் போகும் என்று யாரும் திட்டமிடவில்லை; ரியல் எஸ்டேட்காரர்களை அறுபது வருஷம் வெளியே நிறுத்தி வைக்க வேறு வேலி தாங்கியிருக்காது என்பதும் உண்மை. குலேப்ராவின் ஃபிளமென்கோ கடற்கரையில் துருப்பிடித்த டாங்கிகளை இன்றும் பார்க்கலாம். சுவரெழுத்து எழுதி வண்ணம் பூசியிருக்கிறார்கள். வெடிக்காத குண்டுகளை அகற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. இந்தக் காரணத்தோடும் ஒத்துப்போகலாம், ஒரு நிபந்தனையில்: அறிவிப்புப் பலகை போகாதே என்றால் போகக் கூடாது, சிப்பி பொறுக்கும்போது உலோகச் சிப்பியைப் பொறுக்கக் கூடாது.

எரிமலையும் குண்டும் சத்தம் போட்டுச் சொல்லும் காரணங்கள். ஆளைக் கவிழ்ப்பவை சத்தமில்லாத காரணங்கள்தான். பார்படோஸ் தீவின் மேற்குக் கரையில் ஹோட்டல்கள் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன. கிழக்குக் கரையில் பாத்ஷீபா என்ற இடம், மேற்கைவிட அழகு, அடர்த்தியும் குறைவு. ஒரே தீவு, சில மைல் தூரம். ஏன் இந்த ஓரவஞ்சனை? கிழக்குக் கரை அட்லாண்டிக்கைப் பார்த்து நிற்கிறது. காற்று ஆயிரக்கணக்கான மைல் தடையில்லாமல் தள்ளிக்கொண்டு வரும் அலை முதலில் அங்கேதான் மோதுகிறது. அலைச்சறுக்கு வீரர்களுக்கு அது சொர்க்கம். கழுத்தளவு தண்ணீரில் நிம்மதியாக நிற்க நினைக்கும் குடும்பஸ்தருக்கு அல்ல. 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசியும் பெரும் படலங்களாக வந்து அதிகம் ஒதுங்குவது இந்தக் காற்றுமுகக் கரைகளில்தான். கரையில் கிடந்து அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். விளம்பரப் படங்களில் நாற்றம் வருவதில்லை என்பது சுற்றுலாத் தொழிலின் பெரிய பலம். இவை போதாதென்று மான்சினீல் என்று ஒரு கடற்கரை மரம். குட்டி ஆப்பிள் மாதிரிப் பழம், குளிர்ச்சியான நிழல். பழம் தின்றால் விஷம், பால் பட்டால் கொப்புளம், மழைக்கு அடியில் ஒதுங்கினால் சொட்டும் தண்ணீரே தோலை வேகவைத்துவிடும். நாலு பேர் வந்து போகும் கடற்கரையில் இந்த மரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள், பலகை வைத்திருப்பார்கள். யாருமே வராத கடற்கரையில் யாருக்காக வைப்பது?

சில தீவுகள் காலியாக இருப்பதற்குக் காரணம், நாம் தேடிப் போகிற பொருளே அங்கே இல்லாததுதான். சேபா நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி, 13 சதுர கிலோமீட்டர், நிம்மதியான ஊர். நெதர்லாந்து முடியரசு முழுவதிலும் உயரமான சிகரம் இங்கேதான், 887 மீட்டர். ஓடுபாதை சுமார் 400 மீட்டர். பயணிகள் விமானம் இறங்கும் ஓடுபாதைகளில் உலகிலேயே மிகச் சிறியது, இரண்டு முனையிலும் கடல். இங்கே சாலை போடவே முடியாது என்று டச்சுப் பொறியாளர்கள் கைவிரித்தபோது ஜோசஃபஸ் லம்பர்ட் ஹாசெல் என்ற உள்ளூர்க்காரர் தபால் வழியில் பொறியியல் படித்துப் போட்டுக் காட்டினார். தீவில் எல்லாம் இருக்கிறது, கடற்கரையைத் தவிர. வெல்ஸ் பே என்ற இடத்தில் கோடைக்கு மணல் வந்து சேரும். பருவம் மாறினால் அலை திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடும். இந்த வழியில் இன்னும் கொஞ்சம் போனால் நவாசா வரும். ஹைத்திக்கு மேற்கே ஐந்து சதுர கிலோமீட்டர் தீவு. 1857 முதல் அமெரிக்கா பறவை எச்சத்துக்காக உரிமை கொண்டாடுகிறது, ஹைத்தி தன்னுடையது என்கிறது. மக்கள்தொகை பூஜ்யம், திருட்டு பூஜ்யம், நெரிசல் பூஜ்யம். சுற்றிலும் செங்குத்துப் பாறை, அனுமதி இல்லாமல் இறங்கவும் முடியாது. பாதுகாப்பு, தனிமை என்ற இரண்டு நிபந்தனைகளையும் முழு மதிப்பெண்ணோடு நிறைவேற்றும் தீவு விடுமுறைக்கு லாயக்கில்லாமல் போவது, அந்த நிபந்தனைகளைப் பற்றி நம்மை யோசிக்க வைக்க வேண்டும். பணத்தால் காலியாக வைக்கப்பட்ட தீவுகளும் உண்டு. மஸ்டிக் தீவை 1958-ல் காலின் டெனன்ட் என்ற பிரபு 45,000 பவுனுக்கு வாங்கினார். இளவரசி மார்கரெட்டுக்கு அதில் ஒரு மனையைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். இன்று அங்கே கூட்டமும் இல்லை, ஆபத்தும் இல்லை. வாடகையைக் கேட்கும்போது வரும் மாரடைப்பைச் சேர்க்காவிட்டால்.

இதற்கெல்லாம் எதற்கு இத்தனை விசாரணை, கொலைக் கணக்கைப் பார்த்தால் பாதுகாப்பு தெரிந்துவிடாதா என்று ஒரு தரப்பு கேட்கும். கொலைக் கணக்கு லட்சம் பேருக்கு இத்தனை என்று போடப்படுவது. சின்னத் தீவில் அந்தக் கணக்கு குடித்தவர் மாதிரி தள்ளாடும். முந்நூறு பேர் வாழும் தீவில் யாரோ ஒருவர் ஆத்திரத்தில் ஒரே ஒரு கொலை செய்துவிட்டால் லட்சத்துக்கு 333. பூமியிலேயே பயங்கரமான இடம். மறு வருஷம் அவர் சிறையில் இருப்பார். தீவு பூமியிலேயே சாதுவான இடமாகிவிடும். பெரிய தீவுகளில் கணக்கு நிலையாக நிற்கும், ஆனால் நம்மைப் பற்றிப் பேசாது. ஜமைக்காவில் 2023-ல் கொலை விகிதம் லட்சத்துக்கு 60-ஐ ஒட்டி இருந்தது. அதே ஆண்டு பல லட்சம் சுற்றுலாப் பயணிகள் போய் வெயிலில் வெந்த மூக்கைத் தவிர வேறு சேதமில்லாமல் திரும்பினார்கள். அந்த வன்முறையில் பெரும்பகுதி குறிப்பிட்ட நகர்ப்பகுதிகளில், கும்பல்களுக்கு இடையே நடப்பது. அதைச் சுமப்பவர்கள் அங்கே குடியிருக்கும் ஏழைகள். விருந்தாளியின் உயிருக்கு எமனாக வருபவை கடல் நீரோட்டம், வாடகை ஸ்கூட்டர், மதுக்கடை ஆகிய மூன்றும்தான். இவை கொலைக் கணக்கில் வருவதில்லை.

இன்னொரு தரப்பு நேர் எதிராக வாதாடும்: கூட்டமே ஒரு பாதுகாப்புதான், நாலு பேர் இருந்தால்தானே கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள்? இதில் பாதி நியாயம் இருக்கிறது, அதைக் கடைசியில் ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குப் பதில் சின்ட் மார்ட்டின் தீவின் மாஹோ கடற்கரை. விமான ஓடுபாதையின் முனையில் இருக்கும் அந்த மணலில் தலைக்கு மேல் ஜெட் விமானம் உரசுவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. இஞ்சின் காற்று ஆளைத் தூக்கி எறியும் என்று படம் போட்ட பலகை வைத்திருக்கிறார்கள். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காற்றை அனுபவிக்கவே வருபவர்கள் உண்டு. 2017 ஜூலையில் நியூசிலாந்துப் பெண் ஒருவர் அப்படித் தூக்கியெறியப்பட்டு இறந்தார். கூட்டம் ஆபத்தை விரட்டவில்லை. ஆபத்துதான் கூட்டத்தை வரவழைத்தது.

புயலை விட்டுவிட்டுப் பாதுகாப்பைப் பேச முடியாது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம்; செப்டம்பர் பத்தாம் தேதியை ஒட்டி உச்சம். 2017 செப்டம்பர் 6-ஆம் தேதி இர்மா புயல் பார்புடா தீவைத் துடைத்துப் போட்டது. ஆயிரத்து எழுநூறு பேர் போல இருந்த மக்கள் அத்தனை பேரையும் ஆன்டிகுவாவுக்கு அப்புறப்படுத்தினார்கள். தெற்கே போனால் தப்பலாம் என்பார்கள். வெனிசுவேலாவின் கரையோரம் இருக்கும் அருபா, பொனேர், கியூரசாவ் மூன்றுக்கும் புயல் அபூர்வம் என்பது மெய்தான். அதன் விளைவு என்ன? சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் அருபாவுக்கு ஆண்டில் பத்து லட்சத்துக்கு மேல் விருந்தாளிகள் வந்து தங்குகிறார்கள். என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது: பாதுகாப்பை ஒரு தீவு நிரூபித்துவிட்டால் தனிமையை இழந்துவிடுகிறது. பக்கத்து பொனேரிலும் அதே பாதுகாப்பு, கூட்டம் குறைவு. காரணத்தைக் கேட்டால் காலைக் காட்டும். கரையில் மணலைவிடப் பவளக் கல் அதிகம். தெற்குத் தீவு என்ற தைரியத்துக்கும் எல்லை உண்டு. 2024 ஜூலை 1-ஆம் தேதி, பருவம் சூடு பிடிக்கும் முன்பே, பெரில் புயல் கிரனடாவின் கரியகூ தீவில் பெரும்பாலான கட்டடங்களைச் சிதைத்தது. மறுநாள் ஐந்தாம் நிலையை எட்டியது, அட்லாண்டிக் பதிவுகளில் இவ்வளவு சீக்கிரம் அந்த நிலையைத் தொட்ட புயல் வேறில்லை. ஆகவே தீவை மாற்றுவதைவிட மாதத்தை மாற்றுவது நல்லது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் மிக அபூர்வம். கப்பல்கள் வரிசைகட்டுவதும், அறை வாடகை ஏறுவதும் அதே மாதங்களில்தான் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்ளலாம்? போய்ச் சேருவது கஷ்டம் என்ற காரணத்தைத்தான் முதலில். ஆபத்தால் காலியான இடம் உயிரைக் கேட்கும். பணத்தால் காலியான இடம் பணத்தைக் கேட்கும். சிரமத்தால் காலியான இடம் பொறுமையை மட்டும் கேட்கும். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் அனெகாடா இந்த ரகம். கூட்டாளித் தீவுகளெல்லாம் மலையாக நிமிர்ந்து நிற்க, இது மட்டும் பவளத் திட்டு. மிக உயரமான இடமே எட்டு மீட்டர் சொச்சம். சுற்றி ஹார்ஸ்ஷூ ரீஃப் என்ற பவளப் பாறைத் தொடர், சுமார் 29 கிலோமீட்டர் நீளம். முந்நூறு கப்பலுக்கு மேல் அதில் மோதி முடிந்திருக்கின்றன. மாட்டெலும்பு ஏற்றி வந்த கப்பல் உடைந்ததில் ஒரு கடற்கரைக்குப் பெயரே கௌ ரெக் பீச். முன்னொரு காலத்தில் மாலுமிகளுக்குக் குலைநடுக்கம் கொடுத்த அதே பாறைதான் இன்று ஏழாயிரம் பேர் கப்பலைக் கிட்டே அண்டவிடாமல் காவல் நிற்கிறது. அதற்குள்ளே வெள்ளை மணல், அடங்கிய கடல், சிங்கி இறால், சுமார் முந்நூறு பேர். லிட்டில் கேமன் தீவிலும் கிட்டத்தட்ட இதே கதை. இருநூறு பேருக்கும் குறைவு, சாலையில் இகுவானாவுக்கு வழிவிடு என்று பலகை. பார்புடாவின் காரணம் இன்னும் கௌரவமானது. அடிமை முறை ஒழிந்த காலந்தொட்டு நிலம் அங்கே ஊர்ப் பொதுவாக இருந்தது. 2007-ல் அதைச் சட்டமாகவும் எழுதினார்கள். விற்க முடியாத நிலத்தில் ஹோட்டல் முளைக்காது. இர்மாவுக்குப் பிறகு அரசு அந்தச் சட்டத்தை மாற்றியது. ஊர் மக்கள் நீதிமன்றம் வரை போய் எதிர்த்தார்கள். அங்கே படுத்து அனுபவிக்கும் தனிமை இன்னொருவர் வழக்குச் செலவில் கிடைப்பது என்று தெரிந்துகொண்டு படுப்பது மரியாதை.

நம்மூர்க்காரருக்கு விசா என்ற தடை தனி என்று சொல்லலாம். டொமினிகா, பார்படோஸ், கிரனடா போல இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்விசா கேட்காத தீவுகள் உண்டு. கும்பல்கள் தலைநகரையே பங்குபோட்டுக்கொண்டிருக்கும் ஹைத்தியும் கேட்பதில்லை. கதவு திறந்திருப்பதை வரவேற்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அது உதாரணம். ஆனால் மயாமியில் விமானம் மாறினால் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் குவாதலூப், மார்த்தினிக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களை ஏற்றிப் போனார்கள்; அவர்களிடம் யாரும் விசா கேட்கவில்லை, விருப்பமும் கேட்கவில்லை. அதை நினைத்தால் விசா வரிசையில் நிற்பது ஒரு சலுகைதான். போய்ச் சேரும் சிரமம் தனிமையைக் காக்கும் என்ற என் கணக்கிலும் இந்த வரிசையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒப்புக்கொள்கிறேன் என்று சொன்ன பாதி நியாயம் பாக்கி இருக்கிறது. எட்ட முடியாத தீவிலிருந்து எளிதில் வெளியேறவும் முடியாது. பெரிய படகு வாரத்தில் சில நாள் வரும் ஊரில் குடல்வால் வாரத்தில் எந்த நாளும் வெடிக்கலாம். அனெகாடாவில் இருப்பது சிறிய மருத்துவ நிலையம், ஆஸ்பத்திரி டோர்டோலா தீவில். இதயக் கோளாறு உள்ளவரும், கைக்குழந்தையோடு போகிறவரும், கர்ப்பிணியும் அருபாவின் நெரிசலில் படுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அவர்களுக்குக் கூட்டம் தொந்தரவல்ல, வசதி. மற்றவர்கள் கடற்கரைப் படத்தைப் பார்த்து மயங்கும் முன் இரண்டு விஷயத்தை விசாரிக்கட்டும்: இங்கே ஏன் ஆளில்லை, இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், அதாவது ‘படகு கிடைப்பது கஷ்டம்’ என்று வந்தால், காப்பீட்டில் விமான ஆம்புலன்ஸ் உண்டா என்று பார்த்துக்கொண்டு டிக்கெட் போடலாம். இப்படியெல்லாம் எழுதினால் அந்தத் தீவுக்கும் கூட்டம் கிளம்பிவிடாதா என்று கடைசியாக ஓர் ஆட்சேபம் வரும். கிளம்பாது. மூன்று விமானம், ஒரு படகு, நாலு விசாப் படிவம் என்று கணக்குப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் அருபாவுக்கே போவார்கள். அவர்கள் அப்படிப் போவதால்தான் மற்ற தீவுகளில் இடம் இருக்கிறது. அருபாவைக் குறை சொல்பவர்கள் இந்த உபகாரத்தை மறந்துவிடக் கூடாது.